இராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் என்றொரு பகுதி உண்டு. பட்டு நெசவாளர்கள் நிறைந்து வாழும் இடம் அது. காலை வேளையில் அதன் தெருக்களில் நடந்து சென்றால், பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர் செய்துகொண்டிருப்பதைக் காணலாம். இதற்குப் பாவு என்று பெயர். தறியில் நீளவாக்கில் அமையும் இழைகளே பாவு. நாடா இங்குமங்கும் ஓடிக் குறுக்கே சேர்க்கும் இழை ஊடை.

பாவில் எத்தனை இழைகள் இருக்க வேண்டும்? இது தறிக்குத் தறி, அச்சுக்கு அச்சு மாறும். நம் கணக்குக்காக, ஒரு புடவையின் உடல் பகுதிக்கு 5,000 இழைகள் என்று வைத்துக்கொள்வோம். முழுமையான, அழகான எண்ணாகத்தான் தோன்றுகிறது. அதில் 24 இழைகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் கோடு ஒன்றை அமைக்க வேண்டும். 5,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஈவு 208, மீதி 8. கோடு 36 இழைக்கு ஒருமுறை வருமானால் மீதி 32. 42 இழைக்கு ஒருமுறை என்றால் மீதி 2. மீதி வந்தால் என்ன ஆகும்? கரையை ஒட்டிக் கடைசிக் கோலம் முழுமை பெறாமல் பாதியில் நிற்கும்.

இப்போது 5,000-த்துடன் 40 இழைகளைச் சேர்த்து 5,040 ஆக்குங்கள். 24-ஆல் வகுத்தால் 210. 36-ஆல் வகுத்தால் 140. 42-ஆல் வகுத்தால் 120. எங்குமே மீதி இல்லை! 5,000-க்கு மொத்தம் 20 காரணிகள்தாம். 5,040-க்கோ 60 காரணிகள். சற்றே பெரிய எண்ணுக்கு மும்மடங்கு காரணிகள் எங்கிருந்து வந்தன? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால் தமிழ்நாட்டின் மாபெரும் கணித மேதை ஒருவரின் ஆராய்ச்சிக்கும், அவருடைய பட்டியலில் இடம்பெறாமல் போன 12 இலக்க எண் ஒன்றுக்கும் போய்ச் சேருவோம்.

காரணிகளை எண்ணும் விதி

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எல்லாம் அதன் காரணிகள். 1-உம் அந்த எண்ணும் இதில் அடக்கம். 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு. 13-க்கு இரண்டே காரணிகள். எனவே அது பகா எண்.

சிறிய எண்களுக்குக் காரணிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ணலாம். பெரிய எண்களுக்கு அது இயலாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. 60-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2² × 3 × 5. 60-இன் எந்தக் காரணியும் இந்த 2, 3, 5 ஆகியவற்றைக் கொண்டுதான் அமைய முடியும். 2-ஐ எடுத்துக்கொள்ளாமலே விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம். ஆக 3 வழிகள். 3-ஐ விடலாம் அல்லது எடுக்கலாம்: 2 வழிகள். 5-க்கும் அவ்வாறே 2 வழிகள். மொத்தம் 3 × 2 × 2 = 12. எனவே 60-க்கு 12 காரணிகள்.

விதி இதுதான்: ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டுங்கள், கிடைப்பவற்றையெல்லாம் பெருக்குங்கள். 5,000 = 2³ × 5⁴. ஆகவே 4 × 5 = 20 காரணிகள். 5,040 = 2⁴ × 3² × 5 × 7. ஆகவே 5 × 3 × 2 × 2 = 60 காரணிகள். இரண்டே பகா எண்களைக் கொண்டு 5,000 அமைந்திருக்கிறது. 5,040-இல் நான்கு பகா எண்கள் பங்கு கொள்கின்றன. வேறுபாட்டின் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

உயர் பகு எண்கள்

1, 2, 3, 4 என்று வரிசையாக எண்களின் காரணிகளை எண்ணிக்கொண்டே செல்லுங்கள். தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண் வரும்போதெல்லாம் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டப் பந்தயத்தில் பழைய சாதனையை முறியடித்தவரின் பெயரை மட்டும் எழுதி வைப்பதுபோல இது. கிடைக்கும் வரிசை:

1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040, 7560, 10080 ...

இவற்றை உயர் பகு எண்கள் எனலாம். இவற்றுள் பல உங்களுக்குப் பழக்கமானவை. ஆண்டுக்கு 12 மாதம்; நாளுக்கு 24 மணி; மணிக்கு 60 நிமிடம்; வட்டத்துக்கு 360 பாகை. நம் முன்னோர் நாளை 60 நாழிகைகளாகப் பிரித்தனர். தமிழ் ஆண்டுகளின் சுழற்சியும் 60. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடங்கள்? 7 × 24 × 60 = 10,080. அதுவும் இவ்வரிசையில் இருக்கிறது. பல வகையாகப் பங்கிட வேண்டிய இடங்களில் இத்தகைய எண்களே வசதியாக இருக்கும்.

கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோவும் 5,040-இன் சிறப்பை அறிந்திருந்தார். தாம் கற்பனை செய்த ஒரு நகருக்குக் குடிமக்களின் எண்ணிக்கை 5,040 ஆக இருக்கவேண்டும் என்று ‘சட்டங்கள்’ என்னும் நூலில் எழுதினார். 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் என்பதே அவர் கூறிய காரணம். போருக்கும் வரிக்கும் நிலப் பங்கீட்டுக்கும் மக்களை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம் அல்லவா?

இவ்வெண்களுக்கு என்று தனியாக ஓர் ஆராய்ச்சியை நிகழ்த்தி, பெயரும் சூட்டியவர் சீனிவாச இராமானுஜன்.

புடவைக் கடைக் கணக்கரின் மகன்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். அவருடைய தந்தையார் அங்கே ஒரு புடவைக் கடையில் கணக்கராக இருந்தார். சிறு வயதில் இராமானுஜன் தாயாருடன் சில காலம் காஞ்சிபுரத்திலும் தங்கி அங்கே பள்ளிக்குச் சென்றதுண்டு. புடவையும் கணக்கும் அவர் வீட்டோடு தொடர்புடையவை!

1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளைக் கடிதமாக எழுதினார். 1914 மார்ச் 17-ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கு அவர் வெளியிட்ட மிக நீண்ட கட்டுரை, உயர் பகு எண்களைப் பற்றியதே. லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் 1915-ஆம் ஆண்டு அது வந்தது. பிரிவுகள் 52, பக்கங்கள் அறுபதுக்கும் மேல். இந்த ஆராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சங்கத்தின் பண நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி பல பத்தாண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1997-ஆம் ஆண்டில் நிக்கோலா, ரொபேன் ஆகிய பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளுடன், இராமானுஜன் பெயரிலேயே நடக்கும் ஆய்விதழில் வெளியாயிற்று.

மூன்று கட்டுப்பாடுகள்

உயர் பகு எண் ஒன்று எத்தகைய உருவத்தைப் பெற்றிருக்கும்? இராமானுஜன் தம் கட்டுரையில் முதலில் ஆராய்வது இதைத்தான். அவர் காட்டிய மூன்று கட்டுப்பாடுகளை நீங்களும் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது: பகாக் காரணிகள் 2, 3, 5, 7 என இடைவெளி இன்றித் தொடர வேண்டும். 84 = 2² × 3 × 7 என்னும் எண்ணைப் பாருங்கள். அதற்கும் 12 காரணிகள் உண்டு. ஆனால் இடையில் 5 விடுபட்டிருக்கிறது. 7-ஐ எடுத்துவிட்டு அவ்விடத்தில் 5-ஐ வையுங்கள். 60 கிடைக்கிறது. காரணிகளின் எண்ணிக்கை மாறவில்லை, எண் சிறிதாகிவிட்டது. எனவே 84 சாதனை எண் ஆகாது.

இரண்டாவது: அடுக்குகள் ஏறக்கூடாது. 90 = 2 × 3² × 5. இங்கே 2-இன் அடுக்கைவிட 3-இன் அடுக்கு பெரிது. இவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றினால் 2² × 3 × 5 = 60. மீண்டும் அதே 12 காரணிகள், சிறிய எண்ணில். எனவே 90-உம் தோற்றுப்போகிறது. சிறிய பகா எண்ணுக்கே பெரிய அடுக்கு.

மூன்றாவது: கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு இரண்டே விலக்குகள்: 4, 36. இது முந்தைய இரண்டைப்போல எளிதாகத் தோன்றுவதன்று. இதனை இராமானுஜன் நிரூபித்தார். 900 = 2² × 3² × 5² என்பதைச் சோதித்துப் பாருங்கள். 27 காரணிகள் உண்டு. ஆனால் அதைவிடச் சிறிய 840-க்கு 32 காரணிகள்!

இக்கட்டுப்பாடுகள் தேடும் வேலையைப் பெரிதும் குறைக்கின்றன. சரியாக 12 காரணிகள் கொண்ட எண்களுள் மிகச் சிறியது எது? 12-ஐப் பெருக்கற்பலனாக எழுதும் வழிகள் நான்கு: 12, 6 × 2, 4 × 3, 3 × 2 × 2. இவற்றிற்கு உரிய மிகச் சிறிய எண்கள் முறையே 2¹¹ = 2048; 2⁵ × 3 = 96; 2³ × 3² = 72; 2² × 3 × 5 = 60. எனவே விடை 60. எல்லா எண்களையும் சோதிக்கத் தேவையே இல்லை. நான்கு எண்களே போதும்.

விடுபட்ட எண்

இராமானுஜன் தம் கட்டுரையில் உயர் பகு எண்களின் பட்டியல் ஒன்றையும் தந்தார். அதில் 102 எண்கள். கடைசி எண் 67,46,32,83,88,800. அஃதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதன் காரணிகள் 10,080. கணிப்பொறி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், தாளும் எழுதுகோலும் கொண்டு தயாரித்த பட்டியல் இது.

பிற்காலத்தில் கணித அறிஞர்கள் இதனை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தனர். 102 எண்களும் சரியானவை. ஆனால் நடுவே ஓர் எண் இடம்பெறவில்லை! அந்த எண்:

2,93,31,86,25,600

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பட்டியலில் இதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்:

2,40,94,02,99,600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 4,800.

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 5,040.

3,21,25,37,32,800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. காரணிகள் 5,376.

பிளேட்டோவின் 5,040 இங்கே காரணிகளின் எண்ணிக்கையாக வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? வேறொரு செய்தியும் உண்டு. முன்னும் பின்னும் உள்ள எண்கள் இரண்டும் 23 வரை செல்கின்றன. இரண்டிலும் 7-இன் அடுக்கு 1. நடுவே உள்ள எண்ணோ 19-உடன் நின்றுவிடுகிறது. மாறாக 7-ஐ இருமுறை கொண்டிருக்கிறது. அண்டை வீட்டார் இருவரும் ஒரு வகை, நடுவீட்டார் வேறு வகை!

இது எப்படி நேர்கிறது என்பதை ஒரு சிறு ‘வியாபாரக் கணக்கு’ விளக்கும். பட்டியலில் சற்று முன்னே 41,90,26,60,800 என்னும் எண் உள்ளது. அது 2⁶ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19, காரணிகள் 3,360. காரணிகளை இன்னும் பெருக்க வேண்டும். புதிதாக 23-ஐச் சேர்க்கலாம். அப்போது காரணிகள் இரட்டித்து 6,720 ஆகும். ஆனால் எண் 23 மடங்கு பெரிதாகி 9,63,76,11,98,400 ஆகிவிடும். அல்லது ஏற்கெனவே உள்ள 7-ஐ மற்றொருமுறை சேர்க்கலாம். அப்போது காரணிகள் ஒன்றரை மடங்காகி 5,040 ஆகும். எண்ணோ 7 மடங்குதான் பெரிதாகும். முதல் வழியில் ஆதாயம் அதிகம், விலையும் அதிகம். இரண்டாவது வழியில் ஆதாயம் குறைவு, விலையும் குறைவு. உயர் பகு எண்கள் ஒவ்வொன்றும் இத்தகைய பேரங்களில் வென்று வந்தவையே. சில இடங்களில் புதிய பகா எண் வெல்கிறது. சில இடங்களில் பழைய பகா எண்ணின் அடுக்கு வெல்கிறது.

நாமே பிரித்துப் பார்ப்போம்

12 இலக்க எண்ணின் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டுமே என்று மலைக்காதீர்கள். ஒரு சிறு தந்திரம் போதும். 7 × 11 × 13 = 1001. இது 1000-த்தைவிட ஒன்றே கூடுதல். எனவே ஓர் எண் 1001-ஆல் வகுபடுமா என அறிய, அதனை வலப்புறமிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழிக்க வேண்டும். விடை 0 ஆகவோ 1001-இன் மடங்காகவோ இருந்தால் எண் வகுபடும்.

நம் எண்ணைப் பிரித்தால் 293, 318, 625, 600. வலப்புறமிருந்து தொடங்குவோம்: 600 − 625 + 318 − 293 = 0. ஆகா! ஒரே சோதனையில் 7, 11, 13 ஆகிய மூன்றும் காரணிகள் எனத் தெரிந்துவிட்டது.

1001-ஆல் வகுத்தால் 29,30,25,600 கிடைக்கும். (சரிபார்க்க: 29,30,25,600-ஐ ஆயிரத்தால் பெருக்கி, அதனுடன் அதே எண்ணைக் கூட்டுங்கள்.) கடைசி இரு சுழிகளை நீக்குவது 100-ஆல், அதாவது 2² × 5²-ஆல் வகுப்பது. மிஞ்சுவது 29,30,256. இதனை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 14,65,128, 7,32,564, 3,66,282, 1,83,141. நான்கு முறை வகுத்தோம், ஏற்கெனவே இரண்டு, ஆக 2⁶. இப்போது 1,83,141-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. எனவே 9-ஆல் வகுபடும், விடை 20,349. இதன் இலக்கங்களின் கூடுதலும் 18. மீண்டும் 9-ஆல் வகுத்தால் 2,261. இரண்டு ஒன்பதுகள் சேர்ந்து 3⁴. இறுதியாக 2,261 = 7 × 323 = 7 × 17 × 19. வேலை முடிந்தது!

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. பகா எண்களில் இடைவெளி இல்லை, அடுக்குகள் ஏறவில்லை, கடைசி அடுக்கு 1. மூன்று கட்டுப்பாடுகளும் பொருந்துகின்றன. காரணிகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. இவ்வெண் 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும். 23-இல்தான் முதன்முதலாகத் தடுக்கும். அதன்பின் 24 முதல் 28 வரை மீண்டும் தடையின்றி வகுபடும்.

இது சாதனை எண்தான் என்பதற்கு என்ன சான்று?

கட்டுப்பாடுகள் பொருந்துவது மட்டும் போதாது. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5,040 காரணிகள் இல்லை என்று காட்டவேண்டும். கிட்டத்தட்ட முப்பதாயிரம் கோடி எண்களைச் சோதிப்பதா? தேவையில்லை. எத்தனை வெவ்வேறு பகா எண்கள் பங்கு கொள்கின்றன என்பதைக் கொண்டு போட்டியாளர்களைப் பிரித்துவிடலாம். முதல் இரு கட்டுப்பாடுகளின்படி, மிகச் சிறிய பகா எண்களையே எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் 11 பகா எண்களின் (2 முதல் 31 வரை) பெருக்கற்பலன் 2,00,56,04,90,130. இதனை 2-ஆல் பெருக்கினாலே நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 11 பகா எண்கள் கொண்ட போட்டியாளருக்கு 2¹¹ = 2,048 காரணிகள்தாம். பன்னிரண்டு பகா எண்களுக்கு இடமே இல்லை.

முதல் 10 பகா எண்களின் (2 முதல் 29 வரை) பெருக்கற்பலன் 6,46,96,93,230. நம் எண்ணைத் தாண்டாமல் இதனை இன்னும் 45 மடங்கு வரை பெருக்கலாம். அந்த 45-க்குள் மிகுந்த பயன் தருவது 36. அப்போது 2³ × 3³ × 5 × 7 × … × 29 கிடைக்கும். காரணிகள் 4 × 4 × 2⁸ = 4,096. போதவில்லை.

முதல் 9 பகா எண்களின் (2 முதல் 23 வரை) பெருக்கற்பலன் 22,30,92,870. இன்னும் 1,314 மடங்கு வரை பெருக்க இடமுண்டு. மிகுந்த பயன் தருவது 1,080. அதைக் கொண்டு பெருக்கினால் கிடைப்பது வேறெதுவுமில்லை. பட்டியலில் முன்னே கண்ட 2,40,94,02,99,600-தான். காரணிகள் 4,800. இன்னும் 240 குறைவு.

முதல் 8 பகா எண்களின் (2 முதல் 19 வரை) பெருக்கற்பலன் 96,99,690. இதனை 30,240-ஆல் பெருக்கினால் நம் எண்ணே வருகிறது, 5,040 காரணிகள். 30,240-க்குக் குறைந்த எதனால் பெருக்கினாலும் 5,040-ஐ எட்டுவதில்லை. 7 அல்லது அதற்குக் குறைந்த பகா எண்களைக் கொண்டவை இன்னும் பின்தங்கிவிடும். எனவே நம் எண் உயர் பகு எண்தான்; பட்டியலில் அதற்கு உரிமையுள்ள இடம் உண்டு.

பட்டியலைவிட நிரூபணம் வலிது

இராமானுஜன் போன்ற மேதையின் பட்டியலில் ஓர் எண் விடுபட்டதால் அவருடைய ஆராய்ச்சிக்குக் குறை வந்துவிட்டதா? இல்லவே இல்லை. ஏனெனில் கட்டுரையின் உயிர் பட்டியலில் இல்லை. உயர் பகு எண்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் நிரூபணங்களில் இருக்கிறது. பட்டியல் 103-இல் முடியலாம், ஆயிரத்தில் முடியலாம். நிரூபணம் எங்கும் முடிவதில்லை. விடுபட்ட எண்ணும் இராமானுஜன் நிறுவிய விதிகளுக்கு அப்படியே கட்டுப்பட்டு நிற்பதைத்தானே சற்று முன் பார்த்தோம்! அவர் தந்த விதிகளைக் கொண்டே அவருடைய பட்டியலைத் திருத்த முடிகிறது. ஆராய்ச்சி செய்பவர் அடுத்த தலைமுறைக்கு இதைவிடச் சிறந்ததாக எதை விட்டுச் செல்ல முடியும்?

உங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மடக்கை அட்டவணையோ, பாடநூலின் பின்புறமுள்ள விடைகளோ, கணிப்பொறியின் திரையோ எதுவாயினும், எழுதியவர் பெயர் பெரிது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘இந்தப் பட்டியல் முழுமையானதா? அது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். உள்ள எண்களைச் சரிபார்ப்பது எளிது. இல்லாத எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் அரிது. இருப்பதைப் பார்க்கக் கண் போதும்; இல்லாததைப் பார்க்க முறை வேண்டும்.

இத்துறை முடிந்துபோன கதையும் அன்று. 1944-இல் அலோக்லு, எர்டோஷ் என்னும் கணித அறிஞர்கள் இவ்வெண்களைப் பற்றி மேலும் ஆராய்ந்தனர். மேலே பெயர் கூறிய ரொபேன் 1984-இல் வியப்பான முடிவு ஒன்றை வெளியிட்டார். ஓர் எண்ணின் காரணிகளை எண்ணுவதற்குப் பதிலாக, அவற்றையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு அவர் ஒரு வரம்பைக் காட்டினார். 5,040-ஐவிடப் பெரிய எண்களுள் எதுவுமே அந்த வரம்பை எட்டுவதில்லை என்று நிரூபிக்க முடிந்தால், 1859-இல் ரீமன் கூறிய புகழ்பெற்ற கருதுகோள் உண்மை என்று ஆகிவிடும். அக்கருதுகோள் உண்மையானால், எந்த எண்ணும் எட்டாது. அவ்வரம்பை மீறும் எண்களுள் இதுவரை அறியப்பட்ட மிகப் பெரியது எது தெரியுமா? அதே 5,040! ரீமனின் கருதுகோளை இன்றுவரை எவரும் நிரூபிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பாவு இழையைப் பங்கிடும் கணக்கில் தொடங்கிய நாம், கணிதத்தின் மிகக் கடினமான வினா ஒன்றின் வாசலில் வந்து நிற்கிறோம். உள்ளே செல்பவர் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.

முயன்று பாருங்கள்

1. சரியாக 16 காரணிகள் கொண்ட எண்களுள் மிகச் சிறியது எது?

2. ஆயிரத்துக்கு உட்பட்ட எண்களுள் மிக அதிகமான காரணிகள் கொண்டது எது? எத்தனை காரணிகள்?

3. பட்டியலின் கடைசி எண்ணாகிய 67,46,32,83,88,800-க்கு 1001 சோதனையைச் செய்யுங்கள். இதனை 23-ஆல் வகுத்தால் என்ன வருகிறது?

4. 60-க்கும் 120-க்கும் இடையே 12 காரணிகள் கொண்ட எண்கள் எவை? அவை ஒவ்வொன்றும் உயர் பகு எண் ஆகாதது ஏன்?

விடைகள்: (1) 120. (2) 840, 32 காரணிகள். (3) 800 − 388 + 328 − 746 + 6 = 0, எனவே வகுபடும்; 23-ஆல் வகுத்தால் வருவது விடுபட்ட எண்ணாகிய 2,93,31,86,25,600. (4) 72, 84, 90, 96, 108. 60 இவற்றை முந்திக்கொண்டது. சாதனையைச் சமன் செய்வது போதாது, முறியடிக்க வேண்டும்.